வண்டி ஒடிச்சா டக் டக்: ஆக்ஸில் ஜாயிண்ட வீட்லயே மாத்தின கதை

மூணு மாசமா அந்த சத்தம். ஸ்டியரிங்க வலது பக்கம் முழுசா ஒடிச்சு மெதுவா ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா முன்பக்க இடது சக்கரத்துக்கிட்ட இருந்து டக் டக் டக்னு வரும், நேரா ஓட்டினா காணாமப் போயிடும், மறுபடி ஒடிச்சா வந்துடும், வேகம் கூட்டினா அந்த டக் டக்கும் கூடவே வேகமாகும். ஒருநாள் தம்பி பக்கத்துல உக்காந்து வந்தவன், "அண்ணா, கண்ணாடிய இறக்கிட்டு கேளு, சக்கரத்தோட சுத்துக்கு சுத்து அடிக்குது"ன்னான். எனக்கும் அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான், ஆனா அவன் சொன்னப்புறம்தான் அன்னைக்கே கீழ படுத்துப் பார்த்துடணும்னு தோணுச்சு.

படுத்து டார்ச் அடிச்சேன். சக்கரத்துக்குப் பின்னாடி ஆக்ஸில் மேல துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும் பாருங்க, பூட்னு சொல்வோமே, அது ரெண்டாவது மடிப்புக்கும் மூணாவது மடிப்புக்கும் நடுவுல பாதி வட்டத்துக்கு கிழிஞ்சு வாய் பொளந்து நிக்குது. ரிம்மோட உள்பக்கம், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் காலு, எல்லாத்துலயும் கோடு போட்ட மாதிரி கருப்பு கிரீஸ் தெறிச்சு, அது மேல புழுதி ஒட்டி காய்ஞ்சு கிடந்துச்சு. பூட்டுக்குள்ள இருந்து கொஞ்சம் கிரீஸ வழிச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சேன், நறநறன்னு மணல்.

அந்த பூட்டுக்குள்ள இருக்கிற ஆக்ஸில் ஜாயிண்ட், சிவி ஜாயிண்ட்னு சொல்வாங்க, தானா கெட்டுப்போறது ரொம்ப கம்மிங்க, பூட்தான் முதல்ல போகும், அதுக்கப்புறம்தான் ஜாயிண்ட் போகும். இரும்பு பூராவும் கிரீஸ்ல முங்கியே இருக்கிற வரைக்கும் அது வருஷக்கணக்குல உழைக்கும், ரப்பர்ல ஒரு கீறல் விழுந்து சக்கரம் சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய தெறிச்சு, அந்த வழியா தண்ணியும் மண்ணும் உள்ள போனா அப்புறம் உப்புத்தாள் வெச்சு தேய்க்கிற கதைதான். இதுக்கு முந்தின சர்வீஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல வண்டிய லிஃப்ட்ல தூக்கி நிறுத்தினாங்க, அப்பவே ரிம்முக்குள்ள கிரீஸ் இருக்கேன்னு நான் கேட்டேன், "அது ஒண்ணுமில்ல சார், இன்னும் ஓடும், சத்தம் வந்தா பாத்துக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. அன்னைக்கே பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாத்தியிருந்தா அந்த ஜாயிண்ட் பொழச்சிருக்கும். சத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது இந்த விஷயத்துல தப்பான யோசனை, எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

முன் சக்கரம் இழுக்கிற வண்டில அந்த சக்கரம் ஓடவும் செய்யணும், பள்ளம் மேட்டுக்கு ஏறி இறங்கவும் செய்யணும், வளைவுல திரும்பவும் செய்யணும். பழைய லாரில பார்க்கிற சிலுவை ஜாயிண்ட சாய்வா வெச்சு சுத்தினா ஒரே சுத்துக்குள்ளயே வேகம் கூடிக் குறையும், சாய்வு அதிகமானா ஸ்டியரிங்லயே குலுக்கல் தெரியும். சிவி ஜாயிண்ட்ல அது கிடையாது, உள்ள ஆறு குண்டு, ஒவ்வொண்ணும் ஒரு வளைஞ்ச பள்ளத்துல உக்காந்திருக்கும், ஆக்ஸில் எந்தக் கோணத்துல சாஞ்சாலும் அந்த ஆறும் சரியா பாதிக் கோணத்துலயே நிக்கும், அதனால உள்ள வர்ற வேகமும் வெளிய போற வேகமும் ஒண்ணு. ஆல்ஃப்ரெட் ரெஸெப்பாங்கிற இன்ஜினியர் 1920கள்ல கண்டுபிடிச்சது, 1959ல மினி கார் வந்தப்புறம் இந்த வகை சின்ன வண்டிகள்ல பரவ ஆரம்பிச்சுது. நூறு வருஷம் ஆகப்போகுது, அடிப்படை இன்னும் அதேதான். எனக்கு இது மேல தனி மரியாதையே உண்டு.

கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயிண்ட் வேற ரகம், பெரும்பாலும் மூணு ரோலர் வெச்சது, சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்ஸிலோட நீளம் கொஞ்சம் கூடிக் குறையணும் இல்லையா, அந்த வேலைய அதுதான் பார்க்கும். அது தேய்ஞ்சா டக் டக் வராது, நேரா போகும்போது ஆக்ஸிலரேட்டர் அழுத்தினா வண்டி கிடுகிடுன்னு நடுங்கும். எனக்கு நடுக்கம் இல்ல, ஒடிச்சாதான் சத்தம், அதனால வெளி ஜாயிண்ட்னு முடிவு பண்ணி அதோட கிட் வாங்கினேன், ஜாயிண்ட், பூட், கிரீஸ் பாக்கெட், பூட்ட இறுக்குற கிளிப், ஜாயிண்ட ஆக்ஸில்ல புடிச்சு வைக்கிற சர்க்ளிப் வளையம், புது ஆக்ஸில் நட்டு எல்லாம் சேர்ந்தே வந்துச்சு, உள் பூட்டும் தனியா ஒண்ணு. வாங்கும்போது ஆக்ஸில் முனைல நீளவாக்குல வெட்டியிருக்கிற ஸ்ப்ளைன் பல்லு எத்தனைன்னு எண்ணிப் பார்த்துக்கோங்க, ஏபிஎஸ் இருக்கிற வண்டின்னா ஜாயிண்ட் மேல பல்லு வளையம் வருமா வராதான்னும் பாருங்க, ஒரே மாடல் பேர்லயே ரெண்டு விதம் இருக்கும்.

முதல் வேலை ஆக்ஸில் நட்டு. அத வண்டி தரையில நிக்கும்போதே இளக்கணும், ஜாக்கில தூக்கி வெச்சுட்டு அந்த நட்டு மேல தொங்கினா வண்டி சாஞ்சுடும். நட்டோட விளிம்ப ஆக்ஸில் பள்ளத்துக்குள்ள அடிச்சு மடக்கியிருந்தாங்க, உளி வெச்சு அத நிமித்திட்டு, தம்பிய உள்ள உக்கார வெச்சு பிரேக்க நல்லா அழுத்தச் சொல்லிட்டு, நீள பாருக்கு மேல ஒரு பைப்ப மாட்டி அழுத்தினேன், ஒரு 'டொக்' சத்தத்தோட விட்டுச்சு. நட்ட கழட்டிடாதீங்க, இளகினா போதும். அதுக்கப்புறம் பின் சக்கரத்துக்கு கட்டை வெச்சு, ஜாக்கில தூக்கி, ஸ்டாண்ட் போட்டு, வண்டிய ஒரு தடவை கையால ஆட்டிப் பார்த்துட்டுதான் உள்ள கைய விட்டேன். வெறும் ஜாக்கிய நம்பி யாரும் வண்டிக்குக் கீழ போகாதீங்க, தயவு செஞ்சு.

லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட கழட்டினதும் சக்கரத்தைத் தாங்குற நக்கிள் வெளிய வந்துச்சு, பிரேக் ஹோஸும் சென்சர் ஒயரும் இழுபடாம கம்பி வெச்சு மேல கட்டினேன். ஆனா ஆக்ஸில் முனை சக்கரம் மாட்டுற ஹப்ப விட்டு அசையவே இல்ல, ஸ்ப்ளைன் பூரா துரு. இந்த இடத்துலதான் நிறைய பேர் சுத்தியல எடுத்து நேரா ஆக்ஸில் முனைல போட்டு மரையக் கெடுத்துடறாங்க. நான் பழைய நட்ட முனையோட மட்டமா திருகி வெச்சு, அது மேல மரக்கட்டைய வெச்சு அடிச்சேன், அப்பவும் நகரல. துரு இளக்குற ஸ்ப்ரேய நல்லா அடிச்சு ராத்திரி பூரா விட்டுட்டு, காலைல நாலு அடி, வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு.

கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் வரும், அதனால முதல்லயே தட்டு வெச்சுட்டேன். ஆக்ஸில் கம்பிய புடிச்சு இழுக்கக்கூடாது, இழுத்தா உள் ஜாயிண்ட்தான் ரெண்டா பிரிஞ்சு கைல வரும். ஜாயிண்ட் கூட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல லீவர் கொடுத்து, ஆயில் சீல்ல முனை படாம, ஒரு நெம்பு. ரெண்டு பக்க ஆக்ஸிலயும் ஒரே நேரத்துல உருவினா சில கியர்பாக்ஸ்ல உள்ள இருக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரம் இடம் மாறி விழுந்துடும், அதனால ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம்.

ஆக்ஸில வைஸ்ல ரெண்டு மரத்துண்டுக்கு நடுவுல இறுக்கி, பூட்ட அறுத்துப் போட்டுட்டு, ஜாயிண்டோட உள் வளையத்துல பித்தளை ராட வெச்சு தட்டினேன், சர்க்ளிப் விட்டு மொத்தமா கழண்டு வந்துச்சு. பழசைக் கழுவி குண்டெல்லாம் எடுத்துப் பார்த்தேன். குண்டு ஆறும் பளபளப்பு போய் மங்கிப் போயிருந்துச்சு, மூணு பள்ளத்துல மேல்தோலு பேர்ந்து அம்மை வடு மாதிரி குழி, நகத்தை வெச்சு இழுத்தா ஒவ்வொண்ணுலயும் மாட்டி நிக்குது. அந்தக் குழில குண்டு ஏறி இறங்குற சத்தத்தைத்தான் மூணு மாசமா கேட்டுட்டு இருந்திருக்கேன். தம்பியும் நகம் வெச்சுப் பார்த்துட்டு, "இத்தன நாளா இதுலயா போனோம்"ன்னான்.

புதுச மாட்டும்போது கிளிப்பையும் பூட்டையும் முதல்ல ஆக்ஸில்ல ஏத்திக்கணும், அத மறந்துட்டு ஜாயிண்ட அடிச்சு ஏத்திட்டா திரும்ப கழட்டணும். புது சர்க்ளிப்ப பள்ளத்துல நடுவா உக்கார வெச்சு, ஜாயிண்ட நேரா புடிச்சு, மரச்சுத்தியல்ல ரெண்டு தட்டு, 'டிக்'னு உக்காரும், இழுத்தா வரக்கூடாது. கிரீஸ் பாக்கெட்ட மிச்சம் வைக்காதீங்க, அந்த ஜாயிண்டுக்கு எவ்வளவு வேணுமோ அளந்துதான் கொடுத்திருக்காங்க. அது மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ், வீட்ல இருக்கிற பேரிங் கிரீஸ் அதுக்கு மாத்து இல்ல. குண்டுக்கு நடுவுல விரலால அழுத்தி அழுத்தி முக்கால்வாசி, மீதிய பூட்டுக்குள்ள. கிளிப் நெருக்குறதுக்கு முன்னாடி பூட் விளிம்ப லேசா தூக்கி காத்த வெளிய விட்டுடணும், இல்லன்னா ஒண்ணு உப்பும் இல்ல உள்ள சப்பிக்கும், ரெண்டுமே ரப்பருக்கு கேடு. உள் ஜாயிண்ட்ல ரோலர் எல்லாம் நல்லாவே இருந்துச்சு, எந்த ரோலர் எந்தப் பக்கம்னு அடையாளம் போட்டு, கழுவி, புது கிரீஸும் பூட்டும் மாத்தினதோட சரி.

திரும்ப மாட்டுறது சீக்கிரம் முடிஞ்சுது. ஆயில் சீல் புதுசு போட்டு அதோட உதட்டுல ஆயில் தடவி, ஸ்ப்ளைன் அதைக் கிழிக்காம மெதுவா உள்ள விட்டு, கடைசில ஒரு தள்ளு. ஆக்ஸில் நட்டு மட்டும் அவசரமே படக்கூடாத விஷயம். நிறைய சின்ன வண்டில அது 200 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கும், ஆனா வண்டிக்கு வண்டி மாறும், உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற கணக்குதான் கணக்கு. பல வண்டில ஹப் பேரிங்க சரியான இறுக்கத்துல புடிச்சு வைக்கிறதே அந்த நட்டுதான், அதனால அது லூசா இருக்கும்போது வண்டிய இறக்கி உருட்டினா பேரிங் போயிடும். நான் டிஸ்க் ஓட்டைல தடியான ஸ்க்ரூட்ரைவர விட்டு சுத்தாம நிறுத்தி ஒரு அளவுக்கு இறுக்கிட்டு, சக்கரத்த மாட்டி வண்டிய இறக்கி, இருந்த இடத்துலயே இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரென்ச்ல முடிச்சேன், அப்புறம் விளிம்ப மடக்கி அடிச்சேன். பால் ஜாயிண்ட் நட்டுக்கும் அதே ரென்ச்தான். கியர் ஆயில், வண்டி சமதளத்துல நிக்கும்போது லெவல் ஓட்டைல லேசா வழியற வரைக்கும்.

ஒரு காலி மைதானத்துக்குப் போய் கண்ணாடிய இறக்கிட்டு ஸ்டியரிங்க வலது முழுசா ஒடிச்சேன், அப்புறம் இடது, அப்புறம் எட்டு போட்டேன், ரிவர்ஸ்லயும் போட்டேன். டயர் மண்ணுல அரைபடற சத்தம் மட்டும்தான். தம்பி தலைய வெளிய நீட்டி சக்கரத்தையே பார்த்துட்டு இருந்தான், "இல்லண்ணா, ஒண்ணுமே இல்ல"ன்னு நாலு தடவ சொன்னான்.

வந்ததும் வலது பக்கம் படுத்து அங்க இருக்கிற பூட்ட ஒவ்வொரு மடிப்பா விரிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு மடிப்போட அடியில தலைமுடி கனத்துல நாலஞ்சு விரிசல், ஆனா கிரீஸ் இன்னும் வெளிய வரல, ரிம் உள்பக்கம் காய்ஞ்சு சுத்தமா இருக்கு, ஒடிச்சா சத்தமும் இல்ல. அந்தப் பக்கத்துக்கு ஜாயிண்ட் வாங்கல. பூட்டும் ஒரு பாக்கெட் கிரீஸும் கிளிப்பும் புது நட்டும் வாங்கி வெச்சிருக்கேன், வர்ற ஞாயிறு போட்டுடுவேன்.