[1] போய் [] வந்தது

ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் ஆலைக் கழிவுநீரின் பிஎச் அளவை எடுத்து அனுப்பும் பெட்டி ஒன்றைச் செய்கிறோம். உள்ளே ஓடுவது சி மொழியில் எழுதிய பழைய கோடு. ஒவ்வொரு பதிவும் ஒரு ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு): நேரம் 4 பைட், எண்ணிக்கை 2 பைட், கடைசியில் 2 பைட் அளவீடுகளுக்கு டேட்டா[1] என்ற அரே, அதாவது வரிசை. அந்த 1 பேருக்குத்தான்; எத்தனை வரும் என்பது ஓடும்போதுதான் தெரியும். சி99-க்கு (சி மொழியின் 1999 தரம்) முன் எழுதியவர்களுக்கு வேறு வழியில்லை. ஜிசிசி கம்பைலர்காரர்கள் (கம்பைலர் என்பது கோடை மெஷின் கோடாக்கும் மென்பொருள்) [0] என்று போட்டார்கள். வெறும் [] முறையாக வந்தது 1999 தரத்தில்தான்.

அந்த [1]-ஐ [] ஆக மாற்றலாம் என்றேன். "ஓடுற வண்டிய இன்னாத்துக்குப்பா நோண்டுற?" என்றார் சீனியர் அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்ட்ரக்டின் கடைசியில் எந்த அளவில் அரே இருந்தாலும், அது நீளக்கூடியது என்றே ஜிசிசி வழக்கமாக எடுத்துக்கொள்ளும். எல்லை மீறினாலும் கண்டுகொள்ளாது. ஜிசிசி 13-இல் வந்த ஸ்ட்ரிக்ட்-ஃப்ளெக்ஸ்-அரேஸ்=3 என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், [] மட்டுமே நீளும், மற்றதெல்லாம் எழுதிய அளவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.5-இலிருந்து அப்படித்தான் கம்பைல் ஆகிறது. இதைக் காட்டியதும் அண்ணன் சம்மதித்தார்.

எழுத்தை மாற்றுவது நிமிஷ வேலை. சுற்றியிருக்கும் கணக்குதான் தலைவலி. n அளவீடுகள் என்றால், பழைய கோடில் நீளம் சைஸ்ஆஃப் (ஸ்ட்ரக்டின் மொத்த அளவு) + (n-1)×2, அதாவது 8 + 2n - 2. [] ஆக்கினால் சைஸ்ஆஃப் 6 ஆகும், "-1"-ஐ எடுத்தால் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகாது. முதலில் 4 பைட் நேரம் இருப்பதால் அலைன்மென்டுக்காக (மொத்த அளவு 4-இன் மடங்காக இருக்க) 2 பைட் பேடிங், அதாவது வெற்றிடம், சேர்ந்து சைஸ்ஆஃப் அதே 8-இல் நிற்கும். ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் பஹோல் கருவி இதை அப்பட்டமாகக் காட்டிவிடும். மெமரி ஒதுக்கும்போது 2 பைட் கூடினால் பாதகமில்லை. சர்வருக்குப் போகும் பாக்கெட்டில் கூடினால் எதிர்முனை குழம்பிவிடும். அதனால் நீளம் போடும் இடமெல்லாம் ஆஃப்செட்ஆஃப் (அரே தொடங்கும் இடம், இங்கே 6) + n×2 என்று எழுதினேன். கணக்கு பழையதேதான் என்பதால் மெஷின் கோடும் மாறக்கூடாது. மெஷின் கோடைப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் முன்னதையும் பின்னதையும் டிஃப் போட்டு, வித்தியாசம் வந்த ஃபங்ஷனை மட்டும் உட்கார்ந்து படித்தேன். ஒரே நம்பிக்கையான சோதனை அதுதான். கண்ணால் ரிவ்யூ செய்வதை நான் நம்புவதில்லை.

எல்லா [1]-உம் தந்திரம் அல்ல. நிஜமாகவே ஒன்றே ஒன்று வைப்பதும் உண்டு. அவற்றைத் தொடவில்லை.

அடுத்து கவுண்டட்-பை. எந்த உறுப்பில் எண்ணிக்கை இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு இது. கிளாங் 18 (இன்னொரு கம்பைலர்) அல்லது ஜிசிசி 15 வேண்டும். இங்கே வரிசை முக்கியம். எங்கள் கோடு அளவீட்டை எழுதிவிட்டுத்தான் எண்ணிக்கையைக் கூட்டும். ஓடும்போதே தவறுகளைப் பிடிக்கும் யூபிசான் அதை எல்லை மீறல் என்று பிடித்தது. முதலில் கூட்டி, பிறகு எண்ணிக்கை-1-இல் எழுதும்படி மாற்றியதும் அடங்கியது.

யூனியனுக்குள் (பல உறுப்புகள் ஒரே இடத்தைப் பகிரும் அமைப்பு) இருக்கும் ஒரு [0] மட்டும் பாக்கி. அங்கே நேரடியாக [] போடுவதை சி தரம் அனுமதிக்காது. கெர்னலில் இதற்கென்றே டிக்ளேர்-ஃப்ளெக்ஸ்-அரே என்று ஒரு மேக்ரோ இருக்கிறது. அதே மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.