ஃபில்டரைத் தாண்டும் தூள்

காரைக்குடியில் செயின் சா ரிப்பேர் பார்க்கிறவனிடம் வரும் மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்களுடையது ஒன்று, பழைய வீட்டு மரத்தில் வேலை செய்கிறவர்களுடையது இன்னொன்று. முதல் ரகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். மேல்மூடி உடைந்து கம்பியால் கட்டியிருக்கும், கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், செம்மண் அப்பிக் கிடக்கும். இரண்டாவது ரகம் துடைத்துப் பளபளவென்று வரும். ஆனால் என் பட்டறையில் பிஸ்டன் தேய்ந்து சீக்கிரம் படுப்பது இரண்டாவதுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

காரணம் தூளில் இருக்கிறது. கருவேலம் பச்சையாக அறுபடும். பல்லில் இருந்து வருவது செதில். ஈரமும் கனமும் உள்ளது, கீழே விழுந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் புதுக்கோட்டைப் பக்கம் மரமெல்லாம் சாய்ந்தபோது மெஷின்கள் விடிய விடிய ஓடின. தென்னை, பலா, தைலமரம், எல்லாமே ஈரம். அப்போது வந்த மெஷின்களில் செயின் மூடிக்குள் நார் சிக்கி அடைத்திருந்தது, கிளட்ச் கருகியிருந்தது, செயின் ஓடும் பார் பட்டை வளைந்திருந்தது. ஏர் ஃபில்டர் மட்டும் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை.

பழைய வீட்டு மரம் அப்படி இல்லை. நகரத்தார் வீடுகளின் தூணும் உத்திரமும் பர்மாத் தேக்கு. நூறு வருஷமாக நிழலில் காய்ந்த மரம். அதை அறுத்தால் வருவது கோலமாவு மாதிரி ஒரு நைஸ் தூள். வீடு பிரிக்கிற இடத்தில் அது கீழே விழாது, காற்றில் நின்றுகொண்டே இருக்கும். தேக்கு மரத்துக்குள் இயற்கையாகவே சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், உண்டு. ரம்பப் பல் தேக்கில் சீக்கிரம் மழுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இது போதாதென்று உத்திரத்தின் முனை இருக்கிறதே, அது சுவருக்குள் ஒரு முழம் புதைந்து கிடந்தது. அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் ஒட்டியிருக்கும். லாரிக்கு அளவாக வேண்டும் என்று அந்த முனையைத்தான் முதலில் வெட்டுவார்கள். மரத்தூள் மட்டும் உள்ளே போனால் இன்ஜின் கொஞ்ச நாளாவது தாங்கும். மணலைத் தாங்காது.

கானாடுகாத்தான் பக்கம் வீடு பிரிக்கும் காண்டிராக்டர் ஒருவர் பையோடு ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். கயிற்றை இழுத்தேன், எந்த எதிர்ப்பும் இல்லாமல் லொடலொடவென்று வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்திப் பிடிக்கும் பலம், போய்விட்டது.

“அண்ணே, போன மாசந்தான் புது ஃபில்டர் போட்டோம். இதுல எப்படிண்ணே தூள் போகும்?”

“ஃபில்டரைக் கழட்டுங்க, பார்ப்போம்.”

சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனைக் கையில் எடுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பெட்ரோலில் ஆயில் குறைவாகக் கலந்து பிடித்த பிஸ்டன் என்றால் சைலன்சர் பக்கம் நெடுக்கு வாட்டில் ஆழமான கீறல்கள் இருக்கும். தூள் தின்ற பிஸ்டனில் தேய்மானம் எதிர்ப்பக்கம், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் இருக்கும் பக்கம். அங்கே கம்பெனியில் கடைந்த மெல்லிய வரிகள் அழிந்து, மங்கலான சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். இவருடையது அப்படித்தான் இருந்தது. ஃபில்டர் புதுசுதான், வலையில் ஓட்டையும் இல்லை. ஆனால் கார்புரேட்டர் வாயைச் சுற்றி, ஃபில்டருக்கு உள்பக்கம், பழுப்பாக ஒரு பொடி பிறைபோல் படிந்திருந்தது. வலை வழியாக வந்திருந்தால் அந்தப் பொடி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். ஒரு பக்கமாக மட்டும் படிந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கத்து விளிம்பில் இடைவெளி. எங்கேயோ மலிவாக வாங்கிய ஃபில்டர். வலை நன்றாகத்தான் இருந்தது, அடி விளிம்பு மட்டும் சரியாக உட்காரவில்லை. அது தெரியாமல் நட்டை இன்னும் முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்கப் பிளாஸ்டிக் வளைந்து இடைவெளி கூடியிருக்கிறது.

இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன். 50 சிசி இன்ஜின், நிமிடத்துக்கு 10,000 சுற்று. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் காற்றை இழுக்கும். முழுதாக இழுத்தால் நிமிடத்துக்கு 500 லிட்டர். நடைமுறையில் அதைவிடக் குறையும், சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். புகைபோல் தூள் நிற்கிற இடத்தில் நிமிடத்துக்கு 250 லிட்டர் காற்று ஒரு உள்ளங்கை அகல ஃபில்டர் வழியே போகிறது. விளிம்பில் நகக்கண் அளவு சந்து கிடைத்தால் காற்று அந்த வழியைத்தான் விரும்பும். வலை அடைய அடைய, சந்து வழியாகப் போகும் பங்கு கூடிக்கொண்டே வரும்.

போன தூள் என்ன செய்யும்? பைக்கின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்று நேராக சிலிண்டருக்குப் போகும். செயின் சாவில் முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பேரிங்கையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் மேலே ஏறும். அங்கே பெட்ரோலோடு கலந்து வந்த 2டி ஆயில் இருக்கிறது. ஆயிலும் மணல் தூளும் கலந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்ட்தான். பேரிங், ரிங், பிஸ்டன் எதையும் அது விடாது.

ஃபில்டர் ரகங்களைப் பற்றி எங்கள் தொழிலில் ஓயாத வாதம் உண்டு. நைலான் வலை, அதற்கு மேல் பஞ்சுபோல் பொடி இழை ஒட்டிய ஃபெல்ட் ரகம், மடிப்பு மடிப்பாக வரும் பேப்பர் ரகம், சிலவற்றுக்கு மேலே ஆயில் தடவிய ஃபோம் உறை. செயின் சா செய்யும் ஹஸ்க்வர்னா கம்பெனி சில மாடல்களுக்கு நைலான் வலையிலேயே 80 மைக்ரான், 44 மைக்ரான் என்று இரண்டு ஓட்டை அளவு கொடுக்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காய்ந்த மரத்தின் நைஸ் தூளில் 10 மைக்ரானுக்கும் சின்னதெல்லாம் கலந்திருக்கும். ஆக, வலை தனியாக அதை நிறுத்தாது. கொஞ்சம் தூள் படிந்த பிறகு அந்தப் படிவமே இன்னொரு சல்லடையாக வேலை செய்யும். அதனால் லேசாக அழுக்கான ஃபில்டர் புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும். இதைச் சொன்னால் சிலர் ஆறு மாதம் கழுவாமல் விட்டுவிடுகிறார்கள், ஆகவே இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. இங்கே எழுதியாயிற்று.

கருவேலம், தைலமரம் வெட்டுகிறவர்களுக்கு நைலான் வலை போதும். ஈரச் செதிலை ஒரு தட்டுத் தட்டினால் கொட்டிவிடும், ஃபெல்ட் என்றால் அது ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டும். காய்ந்த தேக்குக்கு ஃபெல்ட் அல்லது மடிப்பு ரகம்தான் என் கட்சி. புது மாடல்களில் ஃபேன் வேகத்திலேயே கனமான தூளை ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்சக் காற்றை மட்டும் ஃபில்டருக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தள்ளப்படுவது கனமானது, நைஸ் தூள் காற்றோடு திரும்பி வந்துவிடும்.

எந்த ரகம் என்பதைவிட எப்படி உட்காருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு சோதனை இருக்கிறது, செலவு இல்லாதது. ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கு உள்பக்கம், கார்புரேட்டர் வாயை ஒட்டி, விரலால் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை மாட்டி ஒருநாள் வேலை பாருங்கள். சாயங்காலம் திறந்து அந்த கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் நல்லது. நறநறத்தால் எந்த இடத்தில் நறநறக்கிறதோ அந்த இடத்தின் விளிம்பைப் பாருங்கள். ரப்பர் கல்லாகியிருக்கும், இரண்டு பாதியாக வரும் ஃபில்டர் என்றால் பொருத்து விட்டிருக்கும், அல்லது சோக் கம்பி நுழையும் ஓட்டை பெரிதாகியிருக்கும். வலையில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வெயிலுக்கு எதிரே பிடித்தால் போதும்.

சுத்தம் செய்கிற விதத்தில்தான் நல்ல ஃபில்டர்கள் அநியாயமாகச் சாகின்றன. பஞ்சர் கடை ஏர் குழாயை வெளிப்பக்கம் வைத்து அடிப்பார்கள். தூள் இன்னும் ஆழமாக இறங்கும், ஃபெல்ட் இழை பிய்ந்துவிடும். அடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, தூரத்தில் வைத்து, குறைந்த அழுத்தத்தில். ஃபெல்ட்டை பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். பெட்ரோலில் முக்குவது எல்லோருக்கும் பிடித்த வழி. பிசின் போய்விடும், விளிம்பு ரப்பரும் கூடவே போய்விடும். பேப்பர் ரகத்தைத் தண்ணீரில் போடவே கூடாது.

இவ்வளவும் சொன்னாலும், வருகிற மெஷினில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது செயினைத்தான். பழைய உத்திரத்தில் சதுர ஆணி புதைந்திருக்கும், ஒருமுறை உரசினால் பல் போய்விடும். அதற்குப் பிறகு மெஷின் அறுப்பதில்லை, தேய்க்கிறது. செதில் வர வேண்டிய இடத்தில் பொடி வரும், ஆள் மெஷினை அழுத்துவார், பொடி இன்னும் நைஸாகும். அரம் போடப் பத்து நிமிடம் நிறுத்தினால் மேஸ்திரி சத்தம் போடுவார் என்று பயந்து அப்படியே ஓட்டுகிறார்கள். தூணை நெடுக அறுத்துப் பலகை எடுக்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். குறுக்கு வெட்டுக்குப் பல்லை 30 டிகிரியில் தீட்டுவோம், நெடுக்கு வெட்டுக்கு 10 டிகிரி. பலகை வழவழப்பாக வரும், தூளும் அதே அளவுக்குப் பொடியாக வரும்.

மெஷினுக்காவது ஃபில்டர் இருக்கிறது. பிடித்திருப்பவர் மூக்கில் ஒரு துண்டு, அதுவும் பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. நான் மாஸ்க் வாங்கி விற்கிறேன். விற்பதில்லை என்று சொல்வதுதான் சரி, அலமாரியில் இருக்கிறது.

கானாடுகாத்தான்காரருக்குப் புது சிலிண்டர் செட்டும், விளிம்பு சரியாக உட்காரும் ஃபெல்ட் ஃபில்டர் இரண்டும் கொடுத்தேன். “எதுக்குண்ணே ரெண்டு?” என்றார். ஒன்றைக் கழுவிக் காயப்போடும்போது இன்னொன்று மெஷினில் இருக்கட்டும் என்றேன். ஈரத்தோடு மாட்டினால் இழைகளுக்கு நடுவில் தண்ணீர் நின்று காற்றை மறிக்கும், மெஷின் ரேஸ் ஏறாது. உடனே கார்புரேட்டர் திருகைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் அந்த மெஷினும் என்னிடம்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஃபெல்ட் காய ஒரு ராத்திரி முழுக்க ஆகும்.