ஹோமும் ஸ்டோனும்

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு கவிதை தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, போன வாரம் முழுக்க மேசையை விட்டு எழவில்லை. ஆச்சி இறந்த பிறகு நாங்கள் பூட்டிவிட்டு வந்த ஊர் வீட்டைப் பற்றித்தான் எழுதினாள். இரண்டு பத்தி. இரண்டும் ‘ஹோம்’ என்ற சொல்லில்தான் முடிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். முதல் பத்தியில் அதோடு ஒலி ஒத்து முடியும் சொல்லாக ‘கம்’ என்று போட்டிருந்தாள். வா என்று பொருள்படும் ‘கம்’.

“இது சேராது” என்றேன்.

“ஏன் அம்மா? இரண்டிலும் கடைசியில் ஓ, எம், ஈ தானே இருக்கிறது?”

அவள் கேட்டதில் தவறே இல்லை. ஆங்கில எழுத்து கண்ணுக்கு ஒன்றைக் காட்டிக் காதுக்கு வேறொன்றைத் தருகிறது. வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் எனக்கு இந்தத் தடுமாற்றம் தினமும் பார்ப்பதுதான். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தைக் கொடுத்து, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொன்னேன். ஹோம். குவிமாடத்துக்கு டோம். ரோமாபுரிக்கு ரோம். இந்த மூன்றும் ஒரு வரிசையில் நின்றன. கம், சம் இரண்டும் தாமாகவே விலகிப் போயின. அதன் பிறகுதான் வேடிக்கை. எழுத்தில் ஒட்டே இல்லாத சொற்கள் வந்து சேர்ந்துகொண்டன: நுரைக்கு ஃபோம், அலைவதற்கு இன்னொரு ரோம், சீப்புக்குக் கோம், மணலும் களியும் கலந்த வளமண்ணுக்கு லோம்.

கோம் என்ற சொல்லை மட்டும் சற்று நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். சீப்பு, கல்லறை, வெடிகுண்டு ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகள் ஓ, எம், பி. வாய்விட்டுச் சொன்னால் கோம், டூம், பாம். ஒன்றோடு ஒன்று சேரவே சேராது. பி எழுத்து மூன்றிலும் ஊமை.

இயைபுச் சொற்களை, அதாவது இறுதி ஒலி ஒத்த சொற்களைத் தேடித்தரும் கருவிகளில் பல, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியை நம்பியிருக்கின்றன. அதில் 1,34,000-க்கும் மேற்பட்ட சொற்கள் ஒலி ஒலியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதன்மை அழுத்தம் விழும் உயிரொலியின் குறியை ஒட்டி 1 என்று ஓர் எண் இருக்கும். அந்த உயிரொலியிலிருந்து சொல்லின் இறுதிவரை எல்லாம் ஒத்து, அதற்கு முந்தைய மெய் மாறினால் முழு இயைபு. எங்கள் நாள்காட்டித் தாள் செய்த வேலையும் ஏறக்குறைய அதுவே.

இதற்கு நேர்மாறான வழியில் போனவர் ஜான் வாக்கர். லண்டனில் நாடக நடிகராக இருந்து, பிறகு பேச்சுக்கலை ஆசிரியரானவர். 1775-இல் அவர் வெளியிட்ட அகராதியில் சொற்கள் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. அப்படி அடுக்கினால் ஹோமும் கம்மும் ஒரே தெருவில் இருக்கும். ஃபோமும் கோமும் வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் அந்த மனிதரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒலி முழுதாக ஒத்த இணைகளோடு, ‘அனுமதிக்கத்தக்க’ இணைகள் என்று தனியே ஒரு பட்டியலும் தந்து, கவிஞர்களின் வரிகளையே அவற்றுக்குச் சான்றாகக் காட்டினார். நெருங்கி நிற்கும் ஒலிக்கும் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ள நல்ல காது வேண்டும்.

எங்களுக்கு அந்த இடம்தான் தேவைப்பட்டது. முழு இயைபாக வந்த சொற்களில் குவிமாடம், ரோமாபுரி, குரோம் பூச்சு எதுவும் ஆச்சி வீட்டில் இல்லை. சீப்பு இருந்தது. கண்ணாடிக்குக் கீழே மாடக்குழியில், இரண்டு நரைமுடி சிக்கியபடி அப்படியே இருந்தது. மகள் உடனே அதை எடுத்துக்கொண்டாள். முதல் பத்தி ‘கோம்’, ‘ஹோம்’ என்று முடிந்தது. இரண்டாவது பத்தியில் கொல்லைப்புற ஆட்டுக்கல்லைப் பற்றி எழுதியிருந்தாள். ‘ஸ்டோன்’ என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தாள். “இது தப்பு என்று தெரியும். ஆனால் எனக்கு இதுதான் வேண்டும்” என்றாள்.

சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். முப்பத்து நான்கு ஆண்டு தமிழாசிரியராக இருந்தவர். “தப்பு என்று யார் சொன்னது? இன்னொரு தடவை சொல்லு, கேட்போம்.”

சொன்னாள். ஸ்டோன். ஹோம்.

“மகரமும் னகரமும். இரண்டும் மெல்லினம். அன்பீனும் ஆர்வம் உடைமை அதுவீனும் நண்பென்னும் நாடாச் சிறப்பு. அன்பில் வருவது றன்னகரம், நண்பில் வருவது டண்ணகரம். வள்ளுவர் சேர்த்திருக்கிறாரே! மெல்லின எதுகை என்று அதற்குப் பெயரே இருக்கிறது.”

எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைப் பார்ப்பது. இவள் தேடுவது அடியின் இறுதியில். இடம் வேறுதான். ஆனால் அப்பா சொன்னது எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. காரிகை என்னும் யாப்பிலக்கண நூலைப் படித்தவர்கள் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று இனத்தையே ஒரு பொருத்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அரைகுறை என்றும் சாய்வு என்றும் பெயர் வைக்கும் இணைகளை, இவர்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று சேர்த்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் ஹோமுக்கு எத்தனை உறவுகள்: ஸ்டோன், போன், ஃபோன், ஓன், அலோன். தனிமையைச் சொல்லும் அலோன் கூட அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் அரைகுறை இணையை விரும்பிச் சேர்த்தவர் உண்டு. வில்ஃப்ரெட் ஓவன் என்ற ஆங்கிலக் கவிஞர் முதல் உலகப் போரில் போரிட்டு, அந்தக் களத்தைப் பற்றி எழுதியவர். ஒரு கவிதையில் ‘எஸ்கேப்ட்’ என்பதோடு ‘ஸ்கூப்ட்’ என்பதைச் சேர்த்தார். மெய்கள் அப்படியே நிற்க, உயிர் மட்டும் மாறிவிடும். 1918 நவம்பர் 4 அன்று, போர் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, கொல்லப்பட்டார். அந்தக் கவிதையில் முழு இயைபு வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

மகளிடம் இரண்டு சொற்களையும் மெல்லச் சொல்லி, என் வாயைப் பார்க்கச் சொன்னேன். ஹோம் என்னும்போது உதடுகள் மூடிக்கொள்கின்றன. ஸ்டோன் என்னும்போது நாக்கு மேலே போய் ஒட்டுகிறது. உதடுகள் திறந்தே நிற்கின்றன. அவளும் சொல்லிப் பார்த்தாள். அப்பாவும் தமக்குள் சொல்லிப் பார்த்ததை, அவர் உதடுகள் அசைந்ததில் கண்டேன்.

கடைசியில் அவள் வரிசையை மாற்றிவிட்டாள். சீப்பு வரும் பத்தியில் ஹோம்தான் முடிவு. ஆட்டுக்கல் வரும் பத்தியில் ஹோம் முன்னால் போய்விட்டது. கவிதை ‘ஸ்டோன்’ என்று நிற்கிறது. பள்ளியில் யாராவது அதைத் திருத்த வந்தால் என்ன சொல்வது என்று தாத்தாவிடம் கேட்டாள். அந்தக் குறளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ன் எழுத்தின் கீழும் ண் எழுத்தின் கீழும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். அந்தத் தாள் இப்போது அவள் ஆங்கில நோட்டுக்குள் இருக்கிறது.