விரலிடுக்கில் வெளிச்சம்

ஜனவரி 4

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு கையால் சுடரை மறைத்தபடி விளக்கேந்திய பெண்ணின் ஓவியத்தைப் பார்த்துப் பத்து வருடம் இருக்கும். இன்று அதை நகலெடுக்க உட்கார்ந்தேன். அன்று என் பக்கத்தில் நின்றவர் மனைவியிடம், "ரவிவர்மா படம்" என்று அடித்துச் சொன்னார். ரவிவர்மா 1906இலேயே காலமாகிவிட்டார். இது மகாராஷ்டிரத்துச் சாவந்த்வாடிக்காரரான எஸ். எல். ஹல்தங்கர் 1945-46இல் வரைந்தது. மாடலாக நின்றவர் அவருடைய மகள் கீதா. எண்ணெய் வண்ணம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வாட்டர் கலராம்! பயமாக இருக்கிறது.

ஜனவரி 6

ஒரு தாள் போச்சு. இருட்டைத்தான் முதலில் போட்டேன், அது ஊறிப்போய் கைப்பக்கம் வந்துவிட்டது. எண்ணெய் வண்ணமென்றால் மேலே வெளிச்சத்தை வைத்துச் சமாளிக்கலாம். இதில் தாளின் வெள்ளைதான் வெளிச்சம், ஒருமுறை மூடினால் மூடியதுதான்.

ஜனவரி 7

ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, அம்மாவின் கையில் அகல் விளக்கைக் கொடுத்து நிற்க வைத்தேன். "கை சுடுதுடா, சீக்கிரம் பாரு."

சுடரை மறைத்த கையின் புறம் கறுத்துக் கிடக்கிறது. விரல் ஓரங்களில் மட்டும் தோல் வழியாகச் சிவப்பு கசிகிறது. முகத்திலோ எல்லாம் தலைகீழ்: மோவாய்க்குக் கீழே வெளிச்சம், நெற்றிக்கு மேலே நிழல். டார்ச்சை மோவாய்க்கடியில் பிடித்துப் பிள்ளைகள் பேய் காட்டுவார்களே, அதே வெளிச்சம்தான். அப்புறம் ஏன் அந்தப் படத்தில் பயம் வரவில்லை?

நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி ஹல்தங்கர் கரைத்திருக்கிறார். அதோடு, அந்தப் பெண் போஸ் கொடுப்பதாகவே தெரியவில்லை. விளக்கு அணையக் கூடாது என்ற கவனம் மட்டும்தான். 'நம்பிக்கையின் ஒளி' என்று அந்தப் படத்துக்கு வைத்த தலைப்பெல்லாம் எனக்கு வேண்டாம், அந்தக் கை போதும்.

ஜனவரி 12

மூன்றாவது தாள், 300 ஜிஎஸ்எம் தடித்த தாள். முதலில் இளமஞ்சள், காய்ந்தபின் விரலிடுக்கில் கிரிம்சன் சிவப்பு, அதன்மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. பின்புற இருட்டுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பழுப்பும் கலந்து ஐந்து பூச்சு. கறுப்பைத் தொடவில்லை. தொட்டால் செத்துப்போகும்.

கை வந்துவிட்டது! முகம்தான் வரவில்லை. ஈரம் காய்வதற்குள் கன்னத்து நிழலைக் கரைக்காமல் விட்டேன், கோடாக நின்றுவிட்டது.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "நானா இது? விளக்கு பிடிக்கச் சொன்னதுக்கா இவ்வளவு கோபமா நிக்கிறேன்?"

நாளைக்கு நாலாவது தாள்.