வெண்பா எழுதிப் பழகுகிறேன்: தளை சரி, கவிதைதானா?

மரபுச் செய்யுள் வடிவமான வெண்பாவின் பக்கம் என்னை இழுத்தது அதன் கண்டிப்புதான். அதற்கு முன் புதுக்கவிதை எழுதிப் பார்த்ததுண்டு. இரவில் பிடித்துப்போன வரி காலையில் கூசும். நன்றாக இருக்கிறதா, உளறலா என்று சொல்ல ஓர் அளவுகோலும் கையில் இருக்காது. நண்பர்களிடம் காட்டினால் "அருமை" என்பார்கள். அந்த "அருமை" எதற்கும் உதவாது. வெண்பாவிலோ கணக்கு தெளிவானது. சொல்லின் ஒலித்துண்டு அசை; அது நேர் (கா, கண் போன்றது), நிரை (மழை, மலர் போன்றது) என இரு வகை. அசைகள் சேர்ந்தால் சீர்; முடிவைப் பொறுத்து அது மா, விளம், காய், கனி. ஒரு சீரும் அடுத்த சீரின் தொடக்கமும் பொருந்துவது தளை. மாவை அடுத்து நிரை, விளத்தை அடுத்து நேர், காயை அடுத்து நேர். கனிச்சீருக்கு இடமே இல்லை. கடைசி அடியில் மூன்றே சீர். அந்தக் கடைசிச் சீரும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில், அதாவது ஓசை மாதிரிகளில், ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தினால் வெண்பா, பொருந்தாவிட்டால் இல்லை. தன் மேலேயே நம்பிக்கை இல்லாத ஆளுக்கு இது பெரிய ஆறுதல்.

வழிகாட்டி யாப்பருங்கலக்காரிகைதான். அமிதசாகரர் எழுதி ஏறத்தாழ 1000 ஆண்டுகள் ஆன நூல். இலக்கண நூலாக இருந்தும் சூத்திரங்கள் ஒரு பெண்ணை விளித்துக் கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வடிவில் பாடப்பட்டிருக்கின்றன. குணசாகரர் உரை இல்லாமல் என்னால் அதில் ஓர் அடிகூட நகர முடியவில்லை. காரிகை கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று ஒரு பழைய ஏளனம் உண்டு. புத்தகத்தை வாங்கியபோது அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அசை பிரிப்பது எளிதில் கைவந்துவிட்டது. திருக்குறள் 1330-உம் குறள் வெண்பா என்பதால் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகைகளை எல்லாம் தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்) என்று சீர் வகைகளாகப் பிரித்துக்கொண்டு வருவேன். அருகில் இருப்பவர்கள் நான் ஏதோ மந்திரம் முணுமுணுப்பதாக நினைத்திருக்கக்கூடும். சந்தேகம் வந்தால் இருக்கவே இருக்கிறது அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருள். பாடலை உள்ளிட்டால் அசை, சீர், தளை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிப் பாவகையையும் சொல்லிவிடும்.

தளை தட்டாமல் (பிசகாமல்) முதலில் அமைந்த குறள் வெண்பா இதுதான்:

காலை எழுந்ததும் காப்பி குடித்தபின்
வேலைக்குச் செல்லல் விதி

அசை அசையாகப் பிரித்து அலகிட்டுப் பாருங்கள். தேமா, கருவிளம், தேமா, கருவிளம், தேமாங்காய், தேமா, கடைசியில் மலர். காலைக்கு வேலை எதுகை. கா-வுக்குக் கா, வே-க்கு வி என மோனையும் உண்டு. குறை சொல்ல இடமில்லை. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு யாப்பு தெரியாது, கதைகள் நிறையப் படிப்பாள். கேட்டு முடித்துவிட்டு, "சரி, பிறகு?" என்றாள்.

பிறகு ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

அந்த "பிறகு?" என்னை நன்றாகவே படுத்தியது. அதுவரை இருந்த பயம் "சரியாக எழுதுகிறேனா?" என்பது. அதற்கு மென்பொருள் பதில் சொல்லும். இந்தப் புதிய பயத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் கட்டம் நிரப்புகிறவனைப் போல அசைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறேனோ என்று தோன்ற ஆரம்பித்தது. புகழேந்தியின் நளவெண்பாவைத் திறந்தால் 400-க்கும் மேற்பட்ட வெண்பாக்கள், ஒன்றிலாவது மூச்சு வாங்க வேண்டுமே! காளமேகத்திடம் செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடித்துப் பாடச் சொன்னார்கள், அவர் முருகனைப் பாடி முடித்தார் என்று கதை. அவர்களைப் படித்தால் ஊக்கம் பிறக்கும் என்கிறார்கள். எனக்குக் குறிப்பேட்டை மூடி வைக்கத்தான் தோன்றியது. மூடி வைத்தேன், கொஞ்ச காலம்.

திரும்ப எடுக்க வைத்தது ஊக்கம் என்று சொல்ல மாட்டேன். அரிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். மழை நின்ற ஒரு மாலையில் "மழைபெய்து ஓய்ந்த தெருவில்" என்று மனத்தில் ஓடியது. கை தானாக அலகிட்டது. பிரித்து எழுதினால் புளிமாங்காய், தேமா, புளிமா, கச்சிதம். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் "து"-வின் குறுகிய உகர ஒலி (குற்றியலுகரம்) கெட்டு "மழைபெய் தோய்ந்த" என்றாகிவிடும். புளிமாவுக்குப் பின் நேர் வந்து தளை தட்டும். "மழைபெய்த பின்னர்" என்று மாற்றினால் தளை நேராகும், ஆனால் ஓய்ந்த அமைதி போய்விடும். எதை விடுவது என்று வீடு வந்து சேரும்வரை மல்லாடினேன். அந்தப் பாட்டு முடியவே இல்லை. ஆனால் அவ்வளவு நேரமும் "நான் கவிஞன்தானா?" என்ற கேள்வி ஒருமுறைகூட எழவில்லை என்பதை இரவுதான் கவனித்தேன். கேள்வி எழுவதெல்லாம் எழுதாத நாட்களில்தான்.

இதற்குப் பின் வேலை செய்யும் முறையை மாற்றினேன். "இன்று ஒரு வெண்பா" என்று உட்காருவதை விட்டுவிட்டேன். கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றை, பாட்டின் கடைசிச் சீராக நிற்கக்கூடிய ஒரு சொல்லாக மட்டும் குறித்துக்கொள்வேன். வெயில், நிழல், படி எல்லாம் மலர் வாய்பாடு. வண்டு, பாம்பு, ஆறு காசு. கிணறு, கிழக்கு, வழக்கு பிறப்பு. முடிவு கையில் இருந்தால் மேலே ஏறுவது எளிது. நம் புலவர்கள் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்னதன் சூட்சுமம் இதுவாகவும் இருக்கலாம். சொல் நான் பார்த்த பொருளிலிருந்து வருவதால் "காப்பி குடித்தபின்" போன்ற உப்புச்சப்பில்லாத சரக்கும் தானாகவே குறைந்துவிட்டது.

அப்படிக் குறித்து வைத்த "வெயில்" நெடுநாள் சும்மா கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு வேப்பமரத்தை வெட்டிவிட்டு வீடு கட்டினார்கள். அதற்குப் பின் முதலில் வந்த அடி:

வெட்டிய வேப்ப மரநிழல் மண்மீது

தளை சரி. ஆனால் வாசிக்கும்போது மரம் இன்னும் அங்கேயே நிற்பதுபோல இருந்தது. நிழல் போய்விட்டது என்பது தெரிய வேண்டும். வேப்பமரம் வேம்பானதும் மூன்றாம் சீரில் இடம் மிச்சமாயிற்று. அந்த இடத்தில் "நிழலிருந்த" என்ற கருவிளங்காய் வந்து உட்கார்ந்தது.

வெட்டிய வேம்பின் நிழலிருந்த மண்மீது
கட்டிய வீட்டில் வெயில்

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் "பிறகு?" என்று கேட்கவில்லை. "மூலை வீட்டு மரமா? வெட்டிவிட்டார்களா?" என்றாள். பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மகிழ்ச்சி அடுத்த நாள் மதியம்வரை தாங்கியது. பிறகு வழக்கம்போல, "இது தற்செயலாக விழுந்தது, இன்னொன்று வருமா?" என்று உள்ளே இருப்பவன் ஆரம்பித்துவிட்டான். அவனோடு வாதாடுவதை இப்போது விட்டுவிட்டேன். அவன் பேசிக்கொண்டே இருக்கட்டும், நான் அசை பிரிக்கிறேன் என்று ஓர் ஒப்பந்தம்.

முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இடத்தை நிரப்ப "அரோ", "மாதோ" போன்ற, தனிப்பொருள் இல்லாத அசைச்சொற்கள் ஆசை காட்டும். பழையவர்கள் போட்டார்களே என்று நாமும் போட்டால் பாட்டு நாடக வேடம் கட்டிக்கொண்டு நிற்கும். வகையுளியும் அப்படித்தான். ஒரு சொல்லைச் சீருக்காக இரண்டாக உடைத்தால் இலக்கணம் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. மோனை கிடைக்காத இடத்தில் மட்டும் நான் அதிகம் வருந்துவதில்லை.

இப்போது நேரிசை வெண்பாவில் இறங்கியிருக்கிறேன். நான்கு அடி, இரண்டாம் அடியின் முடிவில் எதுகையோடு ஒரு தனிச்சொல். வேம்புப் பாட்டையே நீட்டிப் பார்க்கிறேன். "கட்டிய வீட்டில் வெயிலாட" என்பது வரை வந்துவிட்டது. அடுத்து நேரசையில் தொடங்கி, இரண்டாம் எழுத்து ட் ஆக ஒரு சொல் வேண்டும். "ஒட்டடை" பொருந்துகிறது, ஆனால் புது வீட்டில் ஏது ஒட்டடை? "தொட்டிலில்" என்று போட்டால் அந்த வீட்டுக்குள் ஒரு குழந்தை வந்துவிடுகிறது. வந்த குழந்தையை வைத்துக்கொண்டு மீதி இரண்டு அடியில் என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. இரண்டு அடியிலேயே முடிந்துபோன பாட்டை எதற்கு இழுக்கிறாய் என்கிறாள் அக்கா. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். தொட்டிலை விடுவதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.