கணையத்தில் தொற்று: கத்தி வைக்காமல் காத்திருந்த வாரங்கள்

அண்ணனுக்குப் பித்தப்பைக் கல்லால் வந்த கணைய அழற்சி. பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அவருக்கு நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தடுமாறி, வென்டிலேட்டர் வரை போய், ஒரு வழியாகத் தேறி வந்தார். அப்பாடா என்றிருந்த நேரத்தில் மறுபடி காய்ச்சல், இரத்த அழுத்தமும் இறங்கியது. சிடி ஸ்கேனில் கணையத்தின் பெரும்பகுதி செத்துப்போயிருந்தது. அதற்குள் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். டாக்டர் திரையில் அவற்றைத் தொட்டுக் காட்டி, "இது காற்று. செத்த திசுவுக்குள் கிருமி புகுந்துவிட்டது" என்றார்.

முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கலாமே என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தொற்று வருவதற்கு முன்பே கொடுப்பதால் அதைத் தடுக்க முடிவதில்லை என்றும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பூஞ்சையும் தலைதூக்க அது வழிவிடும் என்றும் விளக்கினார்கள். இப்போது தொற்று உறுதியானதால் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். செத்த திசுவுக்குள்ளும் ஓரளவு ஊடுருவக்கூடிய மருந்து அது.

எங்களுக்குப் பிடிபடாமல் இருந்தது அடுத்த கட்டம்தான். சீழ் இருக்கிறது, அழுகிய சதை இருக்கிறது, உடனே வெட்டி எடுக்காமல் ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்? போன் செய்த உறவினர்கள் எல்லாரும் கேட்டது இதைத்தான். ஆரம்ப வாரங்களில் செத்த சதைக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே எல்லையே இருக்காதாம். அப்போது கை வைத்தால் இரத்தப்போக்கை அடக்குவது கடினம். ஏறக்குறைய நான்கு வாரங்களில் உடம்பே அதைச் சுற்றி ஒரு சுவர் கட்டிவிடும். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார்: முதலில் சீழை வடிக்க ஒரு குழாய், தேவைப்பட்டால் மட்டும் அடுத்த படி என்று போனவர்களில் 35% பேருக்குக் குழாயே போதுமாக இருந்திருக்கிறது. நேராக வயிற்றைத் திறந்தவர்களைவிடப் பெரிய சிக்கல்களும் குறைவு. அதைக் கேட்ட பிறகுதான் காத்திருப்பதும் சிகிச்சைதான் என்று எங்களால் நம்ப முடிந்தது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. மூக்கு வழியாக இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் வரை ஒரு குழாய் விட்டு உணவு கொடுத்தார்கள். குடல் வேலை செய்துகொண்டிருந்தால்தான் அதன் கிருமிகள் வெளியே கசிவது குறையும். நான் தினமும் முதலில் பார்த்தது, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நாராட்ரினலின் மருந்து பம்பில் எவ்வளவு ஓடுகிறது என்ற அளவை. அது இறங்கினால் எனக்கு மூச்சு வரும். ஒரு நாள் அது ஏறிக்கொண்டே போனது. அன்றைக்குச் சுவருக்காகக் காத்திருக்கவில்லை, இடது விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் சீழை வடிக்கும் குழாயை (டிரெயின்) வைத்துவிட்டார்கள்.

பையில் இறங்கியது பழுப்பும் சாம்பலும் கலந்த கூழ். துணுக்குகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் நர்ஸ் வேளைக்கு வேளை சலைனை மெதுவாக உள்ளே தள்ளி, அதே அளவு திரும்புகிறதா என்று பார்ப்பார். அந்தப் பொறுமைக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்ததும் மருந்தை அதற்கேற்ப மாற்றினார்கள். பையில் திடீரென்று இரத்தம் தெரிந்தால் அந்த நொடியே சொல்லச் சொல்லியிருந்தார்கள். அழற்சி அருகிலுள்ள இரத்தக்குழாயை அரித்துவிடக்கூடும். நல்லவேளை, அது நடக்கவில்லை.

காய்ச்சல் விட்டது, ஆனால் கெட்டியான பகுதி குழாயில் வரவில்லை. சுவர் நன்றாக உருவான பிறகு எண்டோஸ்கோப்பி வழியாக, இரைப்பைச் சுவரில் ஓர் உலோகக் குழாய் (ஸ்டென்ட்) வைத்து, அதன் வழியே செத்த சதையைத் தவணை தவணையாக எடுத்தார்கள். வயிற்றில் பெரிய வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. உள்ளே காலியானதும் ஸ்டென்டையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். மிஞ்சிய கணையம் போதாததால் இன்சுலின், சாப்பாட்டோடு செரிமானத்துக்கு என்சைம் கேப்சூல் இரண்டும் உண்டு. கால்களில் இன்னும் பலம் வரவில்லை, பிசியோதெரபி தொடர்கிறது. கல் உள்ள பித்தப்பை அப்படியேதான் இருக்கிறது. கணையத்தைச் சுற்றித் தேங்கியது முழுவதும் வற்றிவிட்டதா என்று அடுத்த ஸ்கேனில் பார்த்துவிட்டு, பித்தப்பையை எடுக்கத் தேதி கொடுப்பார்கள்.