திங்கட்கிழமை வயிற்றுவலி

சில ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் இருந்த ஒரு பையனுக்குத் திங்கட்கிழமைதோறும் முதல் பாடவேளையிலேயே வயிறு வலிக்கும். ஓமத்திரவம் கொடுத்துப் பார்த்தோம். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பார்த்தோம். வீட்டுப்பாடம் எழுதாதவன் சொல்லும் சாக்கு என்று நானே ஒருமுறை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல், வயிற்றைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சாலைதான் அவன் வீட்டுக்குப் போகும் சாலை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோன அந்த நாட்களில், பிள்ளைகளின் மனத்தைக் கவனிக்க மருத்துவர்கள் போதாது என்பதால், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட இடங்களிலிருந்து வந்தவர்கள் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஊர் இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது நம் வேலை அன்று. குழந்தை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, விளையாடுகிறதா என்று பார்த்து, மாறுதல் தெரிந்தால் உரியவரிடம் கொண்டுசேர்ப்பதே நம் வேலை என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். கற்றதை அந்தப் பையன் விஷயத்தில் மறந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆர்.பி.எஸ்.கே. என்று நாங்கள் சொல்லும் நடமாடும் மருத்துவக் குழு, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் அங்கன்வாடிக்கு இருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். அந்த ஆண்டு வந்த டாக்டரம்மா பையனின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதாமல், “எந்தக் கிழமையில் வலிக்கும்?” என்று கேட்டார். அதே நாளில் பக்கத்து அங்கன்வாடியிலிருந்து சின்னப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்த பணியாளர், அவனை மூன்று வயதிலிருந்து அறிந்தவர், திங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் என்னைத் தனியே அழைத்தார். “அவன் அப்பா திருப்பூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் மத்தியானம்தான் கிளம்புவார் டீச்சர். அந்த இரண்டு நாளும் இவன் அம்மாவை விட்டு நகர மாட்டான்” என்றார். கிராம சுகாதாரச் செவிலியர், அந்த வீட்டுக் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது தாயின் முழங்கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கு வர மனமில்லாத வலி இல்லை அது. காவலை விட்டுவிட்டு வந்தவனின் வலி.

நான்கு பெண்களிடம் நான்கு துண்டுகள் மாதக்கணக்கில் தனித்தனியாகக் கிடந்திருக்கின்றன. அன்று நாங்கள் ஒரே வராந்தாவில் நின்றது தற்செயல்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாம் இணைந்துதான் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் இடையீட்டு மையம், மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, குழந்தைகள் உதவி எண் 1098, 2022 முதல் மனநல உதவி எண் 14416 என்று ஒன்றுக்கும் குறையில்லை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16) 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொல்கிறது. நாற்பது பேர் அமரும் வகுப்பில் மூன்று பேர். ஆனால் இந்த அமைப்புகளுக்கு நடுவே உள்ள ஒரே பாலம் பல நேரங்களில், எங்கே போய்க் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டுதான். அதைச் சுமப்பவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டிய தாய். சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு மடித்துக் கிடந்து மை கலைந்துபோன சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தாலும் வேறொரு தொல்லை. அதற்கு முந்தைய ஆண்டு தற்கொலையைப் பற்றிப் பேசிய ஒரு மாணவியை நாங்கள் சீட்டோடு அனுப்பிவைத்தோம். அவள் என்னிடம் சொன்னதைத் தலைமையாசிரியரிடம் சொன்னாள், பிறகு ஆலோசகரிடம், பிறகு ஒரு மருத்துவமனையில் வரிசையில் நின்றிருந்தவர்கள் காதில் விழும்படி ஓபி சீட்டு எழுதியவரிடம். ஐந்தாவது ஆளாக மருத்துவர் கேட்டபோது, “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவரவர் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் பையன் விஷயத்தில் முறையை மாற்றினோம். அவனிடம் கேட்பது டாக்டரம்மா ஒருவர் மட்டும். மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டறிந்து, முன்கூட்டியே அவரிடம் பேசி விஷயத்தைச் சொல்லிவிட்டு, செவிலியரே தாயையும் மகனையும் கூட அழைத்துச் சென்றார். உடற்கல்வி ஆசிரியருக்கு நான் சொன்னது ஒரே வாக்கியம்: “திங்கட்கிழமை அவன் வெளியே போகக் கேட்டால் காரணம் கேட்காமல் விடுங்கள்.” உடன் வேலை செய்பவர்களிடம் கதையைச் சொல்ல வேண்டியதில்லை, செய்ய வேண்டியதைச் சொன்னால் போதும் என்பது என் கருத்து; ஆசிரியர் அறையில் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது. பாலியல் வன்முறை என்று சந்தேகம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். அதை எங்களுக்குள் பேசி முடிவெடுக்க இடமே இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதை நான் விட்டுவிட்டதற்கும் இதுதான் காரணம்.

மருத்துவர் அவனுக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. தாயைப் பாதுகாக்காமல் மகனின் வயிற்றுவலியைத் தீர்க்க முடியாது என்றார். தாய் முதலில் புகார் கொடுக்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்தவில்லை, பெண்கள் உதவி எண்ணான 181ஐ மட்டும் குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்தார் செவிலியர். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தன் வேலையைத் திங்கட்கிழமை காலைகளில் அந்தத் தெருவில் வைத்துக்கொண்டார். அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்த திங்களில் பையன் இரண்டாம் பாடவேளை வரை உட்கார்ந்தான். வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. தாய் 181ஐ அழைத்தது அடுத்த ஆண்டில்தான்.

இப்போது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், நான் மூவரும் பள்ளி நூலகத்தில் அரை மணி நேரம் உட்காருகிறோம். எந்த அரசாணையும் எங்களை உட்காரச் சொல்லவில்லை, தேநீர்ச் செலவு எங்களுடையது. இந்த மாதம் முதல் சத்துணவு அமைப்பாளரையும் அழைத்திருக்கிறோம். யார் தட்டில் சோறு மிஞ்சுகிறது என்பது எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.